கையெழுத்து போட்ட அறையில் நம் ஆட்கள் இல்லை



பந்தலூர் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒரு பெரியவர் தன் தகரப் பெட்டியை எங்கள் முன்னால் திறந்து வைத்தார். பேத்தி பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வா என்றார்களாம். அப்பா ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவர், அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. பெட்டியில் மூன்று காகிதங்கள் இருந்தன. பெரியவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், அவர் கப்பலேறி வந்த இந்திய பாஸ்போர்ட், எழுத்து மங்கிப்போன ஒரு குடும்ப அட்டை. பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்தது. சாதி எழுத அதில் இடமே இல்லை.

அங்கே அவர் இந்தியாக்காரர். இங்கே வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் சிலோன்காரர். அவர் என்ன சாதி என்பது டீக்கடைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், கல்யாணம் பேசுகிறவர்களுக்குத் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை.

நீலகிரியில் நாங்கள் சந்திக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள்: எந்தக் கட்சி வந்தாலும் நமக்கு ஒன்றும் நடக்காது. இந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் சலிப்போடு நின்றுவிட்டால் 'தலைவர்கள் சரியில்லை' என்ற பொதுப் புலம்பலாகிவிடும், அது யாரையும் தொந்தரவு செய்யாது. நம்மைக் கைவிட்டது ஏதோ ஒரு விதி அல்ல. குறிப்பிட்ட வருடங்களில், குறிப்பிட்ட அறைகளில், குறிப்பிட்ட ஆட்கள் போட்ட கையெழுத்துகள் அவை. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

போனவர்கள் யார்?

1867இல் இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிராக வேர்பிடித்தது. அதற்கு முன்பே காப்பித் தோட்டங்களுக்கு நம் மக்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் அந்தக் கூட்டத்தைப் பெருக்கியது. திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நிலம் இல்லாதவர்களும் பண்ணையடிமையாகக் கிடந்தவர்களும்தான் கங்காணியின் முன்பணத்துக்குத் தலையாட்டினார்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் அவர்களில் பெரும்பகுதி. இதை 'பிழைப்புத் தேடிப் போனார்கள்' என்று எழுதுவது பாதி உண்மை. சாதியிடமிருந்து தப்பிப் போனார்கள் என்பதே மீதி.

தப்ப முடிந்ததா? கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரர். லயங்கள் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிப்போட்ட 'துண்டு' முறை 1921 வரை சட்டப்படியே இருந்தது.

ஆனாலும் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. 1930களில் நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் தோட்டங்களில் சங்கம் கட்டினார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. நம் மக்கள் அரசியலில் கணக்கில் வந்த வருடம் அது. அடுத்த வருடமே அந்தக் கணக்கு அழிக்கப்பட்டது.

மூன்று கையெழுத்துகள்

1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949இல் ஓட்டுரிமையும் போனது. சட்டத்தைக் கொண்டுவந்தது டி.எஸ். சேனநாயக்கவின் அரசு. தமிழர் தலைவர் என்று அறியப்பட்ட ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் மந்திரியானார். அவரோடு முரண்பட்டு எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தனியே வந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'தமிழர்' என்ற ஒரு சொல்லுக்குள் யாருக்கு யார் தலைவர் என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது.

1964 அக்டோபர் 30. டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பதினைந்து வருடத்தில் ஆட்களை அனுப்பி முடிக்க வேண்டும், இந்தியா 7 பேரை எடுத்துக்கொண்டால் இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை தர வேண்டும் என்பது விகிதம். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதி 1,50,000 பேரையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாட்டைப் பங்கிடும்போது கூட எந்த மாடு யாருக்கு என்று பெயர் சொல்லிப் பங்கிடுவார்கள். இங்கே எண்ணிக்கை மட்டும்தான்.

அந்த மக்களை யாராவது கேட்டார்களா? இல்லை. மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத் தலைவரான தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். மக்களின் பதிலும் பதிவில் இருக்கிறது. விண்ணப்பம் கேட்டபோது இந்தியக் குடியுரிமை கோரியவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான். அதைவிட அதிகமானவர்கள் இலங்கைக் குடியுரிமை கேட்டார்கள். பிறந்து வளர்ந்த மண்ணிலேயே இருக்கிறோம் என்றார்கள். பிறகு 1970களின் நடுவில் தோட்டங்களில் வந்த பட்டினியும் 1977, 1983 இன வன்முறைகளும் அவர்களைப் பெட்டி கட்ட வைத்தன. நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இந்தியாவை அதற்கு முன் கண்ணால் பார்க்காதவர் எப்படித் திரும்புவார்?

அங்கே தங்கியவர்களின் நாடற்ற நிலை 1988, 2003 சட்டங்களால்தான் முடிந்தது. முதல் சட்டத்திலிருந்து ஐம்பத்தைந்து வருடம்.

மண்டபத்திலிருந்து மலைக்கு

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அந்த முகாமே ஒரு வரலாறு. இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் சோதித்து அனுப்ப வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த இடம் அது. தாத்தா போன வாசல் வழியாகவே பேரன் வந்தான்.

தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்களுக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடன் கொடுத்து முன்பின் தெரியாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். கடை வைக்கத் தெரியாமல் கடனை இழந்தவர்கள் ஏராளம். சிலரை நூற்பாலைகளுக்கும், கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்கும், நிக்கோபாரின் கச்சால் தீவு வரையிலும் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் வழி விசாரித்து, குளிரும் தேயிலையும் இருக்கிற இடத்தைத் தேடித் தாங்களாகவே நீலகிரிக்கு ஏறினார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று பரவினார்கள்.

இவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976இலிருந்து அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம், நாம் சொல்லும் டேன்டீ. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி, நடுவட்டம், வால்பாறை என்று வனத்துறை நிலத்தில் காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். வெட்டியதும் நட்டதும் நம் ஆட்கள். வெட்டச் சொன்னது அரசு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காடு வெறும் காடல்ல. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வாழ்ந்த இடம். அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஆதிவாசியின் நிலத்தில் தலித்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாகக் காட்டுவது ஆள்பவர்களுக்கு எளிது. நாம் அந்த வலையில் விழக்கூடாது.

மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு நிலம். கூடலூர், பந்தலூர் பகுதியில் சுமார் 80,000 ஏக்கர் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் சிக்கல் இன்றுவரை தீரவில்லை. தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் நிலத்தை ஆள முடிந்தது. அதே நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டவருக்குப் பட்டாவும் இல்லை, கரண்ட் இணைப்பும் கிடைப்பதில்லை. இந்தியா முழுவதும் காடு என்றால் என்ன என்பதை மாற்றி எழுதிய கோதவர்மன் வழக்கு 1995இல் தொடங்கியது இந்தக் கூடலூர்க் காடுகளை வைத்துத்தான் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 2006 வன உரிமைச் சட்டமும் நமக்குக் கதவு திறக்கவில்லை. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 1970களில் அரசே கொண்டுவந்து குடிவைத்தவர் 75 வருடத்துக்கு எங்கே போவார்?

இரண்டாவது பூட்டு சான்றிதழ். தகரப் பெட்டிக் கதை அதுதான். இலங்கை அரசு நம்மை 'இந்தியத் தமிழர்' என்று மட்டும் எழுதியது. நம் அரசு சாதிக்கு ஆதாரம் கேட்கிறது. தோட்டத்தில் சாதி பார்த்து லயம் பிரித்தவர்கள் அதற்கு ரசீது கொடுக்கவில்லையே.

மூன்றாவது பூட்டு வீடு. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் ஓய்வு பெறும்போது சம்பளத்தோடு கூரையும் போகிறது. அதனால்தான் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிய வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளை ஏன் தோட்டத்துக்கே திரும்புகிறது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நான்காவது கையெழுத்து

2022 அக்டோபரில் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசாணை வந்தது. நட்டம், ஆள் இல்லாமை, காடாகிப்போன தேயிலை என்று காரணங்கள். தொழிலாளர்களுக்குப் பாதிப்பு வராது என்று அரசு சொன்னது, வீடு கட்டித் தருவதாகவும் அறிவித்தது. அறிவிப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி 1964இல் கேட்ட அதே கேள்விதான். நிலத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் முன் அந்த லைன்களில் போய் யார் கேட்டார்கள்? போராட்டம் வந்த பிறகு விளக்கம் சொல்வது கேட்பதாகாது.

இது நீலகிரியோடு நிற்கவில்லை. மாஞ்சோலைத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். கூலி கேட்ட அவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். 2024இல் அந்தத் தோட்டத்தைக் கம்பெனி காலி செய்யத் தொடங்கியபோது, டேன்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். டேன்டீயே நட்டத்தில் இருக்கிறது என்பது பதில். முதலில் அரசுத் தோட்டத்தைத் தேயவிடுவது, பிறகு தேய்ந்துவிட்டது என்பதையே காரணமாகக் காட்டுவது. இந்த முறை நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்று அறையில் யார்?

2009 தேர்தலிலிருந்து நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் அப்படியே. ஆகவே அறையில் நம் ஆள் இல்லை என்று இப்போது சொல்ல முடியாதே என்று சிலர் கேட்பார்கள். இதற்கு அம்பேத்கரின் அனுபவத்தில் பதில் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அவர் போராடிப் பெற்றதை 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம் கூட்டு வாக்காளர் தொகுதியாக மாற்றியது. இடம் நமக்கு, தேர்ந்தெடுப்பது எல்லோரும். அப்படி வருகிறவர் கட்சித் தலைமைக்கும் மற்ற ஓட்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். லைன் வீட்டுக்குப் பதில் சொல்ல வைப்பது நம் வேலை. அது தானாக நடக்காது.

ஆகவே இளைய தோழர்களுக்கு மூன்று வேலைகள்.

ஒன்று, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறங்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கரையான் அரித்தால் நம் வரலாறும் போச்சு, சான்றிதழும் போச்சு. இரண்டு, சான்றிதழ் விண்ணப்பம் திரும்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. மூன்று, கிராம சபை நடக்கும் நாளில் லைன்களிலிருந்து கூட்டமாகப் போங்கள். நிலம் பற்றிய எந்த முடிவும் எங்களையும் ஆதிவாசிகளையும் கேட்காமல் கூடாது என்று தீர்மானம் கொண்டு வாருங்கள்.

அந்தப் பேத்திக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. கலந்தாய்வு முடிந்து பதினோரு நாள் கழித்து வந்தது. இந்த வருடம் அவள் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். அடுத்த வருடம் விண்ணப்பம் போட எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைத்திருக்கிறாள். அவளோடு நாங்களும் போவோம். உங்கள் ஊரில் இப்படி ஒருத்தி இருந்தால், அவளோடு நீங்கள் போங்கள்.

ஜெய் பீம்.