கால்வாய்ப் படகில் வளர்ந்த குழவிகள்

இரட்டைக் குழவிகளை வளர்ப்பது மாடமாளிகையில் வாழ்வோர்க்கும் எளிய செயலன்று. ஒன்று உறங்கும்போது மற்றொன்று விழிக்கும். ஒன்றன் பசி தீருமுன் மற்றொன்றன் அழுகை தொடங்கும். அத்தகைய இரு குழவிகளை ஆறடி நீளமும் ஆறடி அகலமும் ஐந்தடி உயரமும் உடையதோர் அறையில், அதுவும் நாள்தோறும் இடம்பெயரும் படகின் அறையில் வளர்ப்பதென்றால் எப்படி? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது வெறுங்கற்பனையாக இருக்கவில்லை. ஒரு குழந்தைக்கு எத்தனை கன அடிக் காற்று வேண்டும் என்று அந்நாட்டில் விதியே வகுக்கும் நிலை வந்தது.

சிங்கப்பூர், ஜொகூர்க் கரைகளில் வாழ்வோர்க்குப் படகுக் குடும்பம் புதிய செய்தியன்று. 1819இல் இராபிள்ஸ் வந்திறங்கிய காலத்திலேயே காலாங் ஆற்றிலும் செலேத்தார்க் கழிகளிலும் படகையே வீடாகக் கொண்ட கடல்மக்கள் இருந்தனர். நீர்வாழ்வு அவர்களுக்கு முன்னோர் வழி வந்தது. இங்கிலாந்தின் கால்வாய் மக்களோ அவ்வாறல்லர். வருவாய் போதாமையால் கரைவீட்டைத் துறந்து படகேறிய தொழிலாளர் அவர்கள்.

1761இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் கால்வாய் திறக்கப்பட்ட பின், நிலக்கரியும் களிமண்ணும் தானியமும் ஏற்றிச்செல்லும் கால்வாய்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதி எங்கும் வெட்டப்பட்டன. அவற்றில் ஓடிய குறும்படகு ஏறத்தாழ 70 அடி நீளம், 7 அடி அகலம் உடையது. ஏறக்குறைய 25 டன் சுமை தாங்கும். கரைப்பாதையில் நடக்கும் ஒற்றைக் குதிரை அதனை இழுத்துச் செல்லும். தொடக்கத்தில் படகோட்டிகள் பலர் மனைவி மக்களைக் கரையில் விட்டுக் கூலியாளுடன் சென்றனர். இரயில் வந்தது, ஏற்றுகூலி வீழ்ந்தது. கூலியாளுக்குச் சம்பளமும் கரைவீட்டுக்கு வாடகையும் கொடுக்க முடியாத நிலையில், மனைவியே கூலியாளானாள், படகே வீடாயிற்று. இம்மாற்றம் முழுதும் இரயிலால் வந்தது என்றே நெடுங்காலம் எழுதினர். ஆனால் இரயிலுக்கு முன்பே குடும்பங்கள் படகேறியதுண்டு என்பதை ஹேரி ஹான்சன் 1975இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். இரயில் போட்டி அவ்வழக்கத்தை வேரூன்றச் செய்தது எனலாம்.

70 அடிப் படகில் குடியிருப்பு எவ்வளவு? பின்கோடியில் ஏறத்தாழ 10 அடிக்கும் குறைவான ஓர் அறை மட்டுமே. மற்ற இடமெல்லாம் சரக்குக்கு உரியது, ஏனெனில் சரக்குக்குத்தான் கூலி. அறைக்குள் இறங்கியதும் இடப்புறம் கரியடுப்பு. அதனை அடுத்து ஓர் அலமாரி. அதன் கதவைக் கீழே இறக்கினால் அதுவே உணவுமேசை. வலப்புறம் ஒரு பக்கப் பலகை, பகலில் இருக்கையாகவும் இரவில் பிள்ளைகளின் படுக்கையாகவும் பயன்படும். கோடியில் குறுக்காக மடக்கி விரிக்கும் பெற்றோர் படுக்கை. குடிநீர் மேற்கூரையின் மீது, வண்ணப்பூ தீட்டிய தகரக் குடத்தில் இருக்கும்.

குழவியை வளர்க்கும் தாய்க்கு இவ்வறையில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுத்தல் கூடாது. அவள் அறையின் வாயிற்படியில் நின்றே சுக்கான் பிடித்தாள். அடுப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. குழவி காலடியில் கிடந்தது. ஒரு கை சுக்கானில், ஒரு கை குழம்புச் சட்டியில், கண் குழந்தைமேல் என்று அவள் நாள் கழிந்தது. ஆலைக்குச் சென்ற தாய் தன் சேயைப் பகல் முழுதும் பிறரிடம் விட்டாள். படகுத்தாய்க்கு அப்பிரிவு இல்லை.

குழவி தவழத் தொடங்கியதும் இடர் தொடங்கும். மூன்று புறமும் நீர், நடுவில் கொதிக்கும் அடுப்பு. ஆகவே இடுப்பில் வாரிட்டுக் கூரைமேலுள்ள புகைபோக்கியோடு பிள்ளையைப் பிணைத்து வைப்பது அவர்கள் வழக்கம். கேட்போர்க்குக் கொடுமையாகத் தோன்றும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுகளின் ஆழத்தையும் வழுக்கும் கல்விளிம்பையும் எண்ணிப் பார்த்தால் அவ்வாரின் அருமை விளங்கும். அது அவிழ்ந்த நாளில் நீரில் மூழ்கி இறந்த பிள்ளைகள் உண்டு. வெந்நீர் கவிழ்ந்தும் குதிரை உதைத்தும் இறந்தவர்களும் உண்டு. மகப்பேறும் பெரும்பாலும் படகிலேயே நிகழ்ந்தது. சரக்கைச் சேர்த்தால்தான் கூலி என்பதால், சில நாளிலேயே தாய் மீண்டும் சுக்கான் பிடித்தாள்.

இம்மக்கள்பால் நாட்டின் கண்ணைத் திருப்பியவர் ஜார்ஜ் ஸ்மித் (1831–1895). சிறுவயதிலேயே செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர் அவர். சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் பெற்றுத் தந்தவர். அப்போராட்டத்தினால் கோல்வில் என்னும் ஊரில் தாம் வகித்த மேலாளர் வேலையையும் இழந்தவர். பின்னர்ப் படகுப் பிள்ளைகளைப் பற்றி 1875இல் நூல் எழுதினார். எழுத்தறியாமை, குடி, நெரிசல், ஒழுக்கக்கேடு என்று அவர் தீட்டிய ஓவியம் கருமை மிகுந்தது. படகு மக்களின் தொகையையும் தீமையையும் அவர் மிகைப்படுத்தினார் என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு. நோக்கம் தூயது, அளவு தவறியது. தூய்மையாக வாழ்ந்த குடும்பங்களும் அவ்வெழுத்தால் பழி சுமந்தன.

அவர் முயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. மக்கள் வாழும் படகுகள் அனைத்தும் பதிவு செய்யப்படல் வேண்டும். 1878ஆம் ஆண்டு விதிகளின்படி பின்னறை குறைந்தது 180 கன அடி காற்றிடம் கொண்டிருத்தல் வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர்க்கும் 60 கன அடி. அவ்வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 40 கன அடி. அவ்வாண்டு ஜூன் மாத இறுதிக்குமுன் கட்டிய பழம்படகாயின் பிள்ளைக்கு 30 கன அடி போதும்.

இங்கேதான் இரட்டைக் குழவிகளின் கணக்கு வியப்பளிக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் 120 கன அடி போக, 180இல் மிஞ்சுவது 60. பழம்படகில் இரட்டையர் பிறந்தால் முப்பதும் முப்பதும் அறுபது. குடும்பம் சட்டத்துக்குள் மிகச் சரியாக அடங்கும். புதுப்படகில் பிறந்தால் எண்பது வேண்டும். இருபது கன அடி குறையும். தாய் தந்தையர் சட்டத்தை மீறியவராவர். பிறந்தவை இரண்டு என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் யாது? அறை ஒன்றே, அடுப்பு ஒன்றே, தாயின் கையும் அதே இரண்டே. நலம் நாடிய விதியாயினும் அளவுகோலுக்குத் தாயின் கண் தெரியவில்லை. எண்ணிக்கை மிகுந்தால் குடும்பங்கள் செய்தது ஒன்றே. ஒரு பிள்ளையைக் கரையிலுள்ள பாட்டியிடமோ, ஆள் வேண்டிய வேறு படகினரிடமோ விட்டுச் சென்றனர்.

சட்டத்தைச் செயற்படுத்துவோர் இலரென்று ஸ்மித் மீண்டும் முறையிட, 1884இல் திருத்தம் வந்தது. ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தர ஏற்பாடாயிற்று. பள்ளிப்படிப்பு மட்டும் தீராத சிக்கலாகவே நின்றது. சரக்கிறக்கும் ஓரிரு நாள் ஓர் ஊர்ப்பள்ளி, அடுத்த வாரம் வேறோர் ஊர்ப்பள்ளி. எழுத்துக்கூட்டும் முன்பே படகு புறப்பட்டுவிடும்.

1921இல் அரசாங்கக் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. படகுப் பிள்ளைகளின் உடல்நலம் நகரப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்ததன்று, கல்விதான் பாழ் என்பது அதன் கருத்து. ஆகவே பள்ளிப்பருவப் பிள்ளைகள் பள்ளி நாட்களில் படகில் வாழலாகாது என்று பரிந்துரைத்தது. 1929–30இல் ஹேரி கோஸ்லிங் அதற்கென மசோதா கொணர்ந்தார். படகு மக்கள் கலங்கினர். பிள்ளையைப் படிக்க வைப்பதா, உடன் வைத்துக்கொள்வதா என்று தாயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவள் என்ன சொல்வாள்? மசோதா சட்டமாகவில்லை. பிள்ளைகள் தாயோடு இருந்தனர். பலர் எழுத்தறியாமலே வளர்ந்தனர். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

1912 முதல் எந்திரப் படகு புகுந்ததும், அது பின்னிழுத்துச் செல்லும் துணைப்படகு ஒன்றும் குடும்பத்துக்குக் கிடைத்தது. அறை இரண்டாயிற்று. துணைப்படகின் சுக்கான் மட்டும் தாயின் கையிலேயே தங்கியது. நார்தாம்ப்டன்ஷயரில் ஸ்டோக் புரூயர்ன் என்னும் கால்வாய்ச் சிற்றூரில் மேரி வார்ட் என்னும் தாதி, மதகருகே இருந்த தம் வீட்டையே மருந்தகமாக்கிப் படகுத்தாய்மார்க்கும் சேய்கட்கும் பல்லாண்டு தொண்டாற்றினார். 1951இல் அவருக்குப் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் வழங்கப்பட்டது. 1962இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. 1963இல் அரசாங்க வாரியம் தன் குறும்படகுப் போக்குவரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது. ஏதர்ஸ்டனிலிருந்து இலண்டன் சௌத்தாலில் இருந்த பழப்பாகுத் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற குடும்பப் படகுகள் 1970 அக்டோபர் வரை ஓடின.