40% ஆன்லைன், 60% வகுப்பறை: கலப்புமுறை கல்வி ஓசூர் மாணவர்களுக்கு கைகொடுக்குமா?

கலப்புமுறை கல்வி என்றால் என்ன?

ஒரே பாடத்தை கொஞ்சம் ஆன்லைனிலும் மீதியை வகுப்பறையிலும் படிப்பதுதான். ஒரு பாடத்தில் 40% வரை ஆன்லைனில் நடத்தலாம் என 2021 மே மாதம் யுஜிசி கருத்துரு வெளியிட்டது.

யாருக்கு வசதி?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கிட்டே படிப்பவர்களுக்கு. பதிவு செய்த வகுப்பை இரவிலும் பார்க்கலாம்; பஸ் செலவும் மிச்சம்.

எங்கே சிக்கல்?

அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் சிக்னலே கிடைக்காத இடங்கள் உண்டு. கொரோனா காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜிபி டேட்டாவை, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை இலவசமாகத் தருவதாக தமிழக அரசு அறிவித்தது. இப்போ அந்தச் செலவு மாணவர் தலையில்தான். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களோ லேத் மெஷினை வீடியோ பார்த்துப் பழக முடியாது.

தேர்வு எப்படி?

ஆன்லைனில் பாடம் நடத்திவிட்டு தேர்வை மட்டும் நேரில் வைப்பதா என 2021 நவம்பரில் மதுரையில் மாணவர்கள் போராடினர். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடம் இலவசம். ஆனால் சான்றிதழுக்கு கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போகணும்.

என்ன கேட்கணும்?

வகுப்புப் பதிவு கிடைக்குமா, லேப் எத்தனை நாள், தேர்வு எங்கே? அட்மிஷனுக்கு முன்பே கல்லூரியில் கேட்டுடுங்க.