மின்னஞ்சல் அளவு வரம்பு

நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வர் எவ்வளவு பெரிய மடலை ஏற்கலாம் என்று அதன் நிர்வாகி விதித்துவைக்கும் உச்ச அளவே மின்னஞ்சல் அளவு வரம்பு. தலைப்பு வரிகள், எழுதிய செய்தி, இணைத்த கோப்புகள் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு இது பொருந்தும். ஒருவரின் அஞ்சல்பெட்டிக்கு ஒதுக்கப்படும் இடமான கோட்டா இதிலிருந்து வேறானது. வரம்பே இல்லாத சர்வரில் ஒரு பெரிய மடல் அலுவலகத்தின் எல்லா முகவரிகளுக்கும் பிரிந்து வட்டை நிரப்பிவிடக்கூடும். வரம்பு மிகச் சிறிதாக இருந்தாலோ ஒப்பந்தப்புள்ளியும் ஸ்கேன் செய்த ஆவணமும் போய்ச் சேராமல் வேலை கெடும்.

இந்த எண்ணைத் தீர்மானிக்கும்போது அடிக்கடி பிழை நேர்வது ஓரிடத்தில்தான். வட்டில் 20 மெகாபைட் இருக்கும் கோப்பு மடலில் 20 மெகாபைட்டாகப் பயணிப்பதில்லை. தொடக்கத்தில் மின்னஞ்சல் வெறும் ஆங்கில எழுத்துரைக்காக உருவானது. படமும் ஒலியும் அதில் செல்ல வழிசெய்த மைம் தரத்தை நதானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992இல் வெளியிட்டனர். அதில் உள்ள பேஸ்64 முறை, கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்துகளாக மாற்றுகிறது. 76 எழுத்துக்கு ஒருமுறை வரிமுடிவுக்காக 2 பைட்டையும் சேர்க்கிறது. இதனால் அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு கூடி, 20 மெகாபைட் கோப்பு சுமார் 2 கோடியே 87 லட்சம் பைட் ஆகிவிடும். எனவே ‘20 மெகாபைட் வரை அனுப்பலாம்’ என்று ஊழியர்களிடம் சொல்ல விரும்பும் நிர்வாகி, சர்வரில் 3 கோடி பைட்டாவது வைக்க வேண்டும்.

சர்வர்கள் மடலைப் பரிமாறிக்கொள்ளும் எஸ்எம்டிபி நெறிமுறையின் 1982ஆம் ஆண்டு வடிவத்தில், மடலின் அளவை முன்கூட்டியே சொல்ல வழி கிடையாது. மடல் வரத் தொடங்கிய பிறகுதான் அது பெரிது என்றே தெரியவரும்; அதுவரை கடத்தியது வீண். 1990களில் சேர்க்கப்பட்ட சைஸ் நீட்சி இந்த வீண்செலவை நிறுத்தியது. 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1870 அதன் இன்றைய வடிவம். பெறும் சர்வர் உரையாடலின் தொடக்கத்திலேயே தன் வரம்பைச் சொல்லிவிடும். அனுப்பும் சர்வர் ‘மெயில் ஃப்ரம்’ கட்டளையோடு மடலின் அளவை அறிவிக்கும். வரம்பை மீறினால் 552 என்ற குறியீட்டோடு அங்கேயே நிரந்தர மறுப்பு வரும். மடலின் உள்ளடக்கம் கம்பியில் ஏறுவதே இல்லை. 452 என்ற குறியீடு வந்தால் அது தற்காலிக இடப்பற்றாக்குறை; அனுப்பிய சர்வர் பிறகு மீண்டும் முயலும்.

வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் லினக்ஸ் சர்வர்களில் பரவலாக ஓடுகிறது. அதில் மெசேஜ் சைஸ் லிமிட் என்ற அமைப்பு இயல்பாக 1,02,40,000 பைட்டில் நிற்கிறது. 7 மெகாபைட்டைச் சற்றே தாண்டிய கோப்பு ஒன்றே அதை நிரப்பிவிடும். இதை மாற்றிவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கூடவே மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்டையும் பார்க்க வேண்டும். அதன் இயல்பு அளவு 5,12,00,000 பைட். மடல் வரம்பு அதைத் தாண்டினால் அமைப்புப் பிழை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, உள்ளூர் அஞ்சல்பெட்டிகளுக்கான மடல்களைச் சேர்க்காமல் வரிசையிலேயே வைத்திருக்கும். இன்னொன்று அவ்வளவாக அறியப்படாதது: மடல் வரம்பைப்போல் ஒன்றரை மடங்கு இடம் வட்டில் காலியாக இல்லாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் வரும் மடல் சின்னதாக இருந்தாலும் தற்காலிகமாக மறுக்கும். வட்டைப் பார்க்காமல் வரம்பைத் தாராளமாக உயர்த்துவது இதனால்தான் ஆபத்து. 0 என்று எழுதினால் வரம்பே இல்லை என்று பொருள். நிறுவனச் சர்வருக்கு அது உகந்ததல்ல.

மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் வரம்பு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. நிறுவனம் முழுமைக்கும், மடல் வந்துபோகும் வழியான ஒவ்வொரு கனெக்டருக்கும், தனிப் பயனருக்கும் எனத் தனித்தனியே உண்டு. நிறுவன அளவிலான இயல்பு வரம்பு 10 மெகாபைட். கனெக்டரை மட்டும் உயர்த்திவிட்டு மடல் ஏன் போகவில்லை என்று திகைப்பது வழக்கமான அனுபவம். மேகத்தில் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 150 மெகாபைட் வரை உயர்த்தலாம். எதிர்முனையில் ஜிமெயில் இருந்தால் அந்த உயரத்தால் பயனில்லை; வெளியிலிருந்து அது வழக்கமாகப் பெறும் உச்சம் 50 மெகாபைட்.

பல நிறுவனங்களில் வெளிமடல் முதலில் வடிகட்டும் சர்வருக்கு வந்து, பிறகே உள்சர்வருக்குப் போகும். முன்னதன் வரம்பு பின்னதைவிடப் பெரிதாக இருந்தால், ஏற்றுக்கொண்ட மடலை உள்ளே தள்ள முடியாமல் முன்சர்வர் தானே திருப்புமடல் எழுத நேரும். குப்பை மடலின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அந்தத் திருப்புமடல் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். தவறு செய்யாதவர்மேல் இந்தத் தொல்லையைச் சுமத்தாதிருக்க, உள்சர்வரின் வரம்பு வெளிவாசலுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். மடல் பெரிதானால் வாசலிலேயே மறுப்பதே முறை.

வடிகட்டிகளுக்கும் தனி வரம்பு உண்டு. குப்பை மடல் வடிகட்டியான ஸ்பாம்அசாசினை அழைக்கும் ஸ்பாம்சி நிரல் 500 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை இயல்பாகச் சோதிக்காமலே விட்டுவிடும். இப்படி வரம்புகள் பல இடங்களில் இருப்பதால், வரம்பை மாற்றியதும், அதற்குச் சற்றுக் குறைவான ஒரு மடலையும் சற்று மிகுந்த ஒன்றையும் வெளி முகவரியிலிருந்து அனுப்பி, இரண்டின் தடத்தையும் ஒவ்வொரு சர்வரின் பதிவேட்டிலும் பார்க்க வேண்டும்.