காத்திருக்க முடிந்தவரின் விலை: காவிரிப் படுகையில் நெல், கூலி, தரகு

காவிரிப் படுகைக் கிராமத்தில் நெல் விற்பதும், உரம் வாங்குவதும், நடவுக்கு ஆள் பிடிப்பதும், கூலிக்கு வேலை தேடுவதும் தனித்தனிச் சந்தைகளாக நடப்பதில்லை. உரக்கடையில் பாக்கி வைத்திருப்பவர் நெல்லை யாருக்குப் போடுகிறார் என்பதை அந்தப் பாக்கி பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. குழுக் கடனுக்குத் தவணை கட்டவேண்டிய பெண் எந்த மேஸ்திரியின் வண்டியில் ஏறுகிறார் என்பதைத் தவணை நாள் தீர்மானிக்கிறது. இந்தப் பிணைப்புக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கிருஷ்ணா பரத்வாஜ். இந்திய வேளாண்மையின் உற்பத்தி நிலைமைகள் பற்றி 1974இல் அவர் எழுதிய நூலின் சாரம் இது: நிலம், கடன், உழைப்பு, விளைச்சல் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதில் ஒரே ஆள் எதிர்த்தரப்பாக நிற்கும்போது, ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததை இன்னோரிடத்தில் அவர் சேர்த்து வாங்கிவிட முடியும்.

அந்த விளக்கத்தின் அச்சு கடன். கடன் கொடுத்தவரிடமே விற்கவேண்டும், கடன் கொடுத்தவருக்கே உழைக்கவேண்டும். படுகையின் இன்றைய நிலைமைக்கு இது பாதிதான் பொருந்துகிறது என்பது என் வாதம். கடனுக்கும் விற்பனைக்கும் வேலைக்கும் மாற்று வழிகளை அரசு கடந்த அரை நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறது. ஆனாலும் தரகர் போகவில்லை. கடன் தளர்ந்த இடத்தில் காலம் உட்கார்ந்துகொண்டது. எத்தனை நாள் பொறுக்க முடியும் என்பதுதான் இன்று ஊரில் விலையையும் கூலியையும் பெருமளவு நிர்ணயிக்கிறது. எவரால் பொறுக்க முடியாதோ அவர் கொடுக்கும் விலையில்தான் தரகர் வாழ்கிறார்.

பழைய ஏற்பாட்டில் காத்திருப்புக்கு இடமே இல்லை. பண்ணையாளுக்கு வேலை, கூலி, குடிமனை, அவசரத்துக்குக் கடன் எல்லாமே ஒரே மிராசுதாரிடம். 1951–53இல் தஞ்சை மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப் இந்த உலகத்தின் கடைசிக் கட்டத்தைப் பதிவு செய்தார். அவர் களத்தில் இருந்தபோதே, 1952இல், தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளாக இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஆனதும், மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே குறைத்துத் தினக்கூலிக்கு மாறினார்கள். பாதுகாக்க வந்த சட்டம் உறவின் பெயரை மாற்றிவைத்தது. நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத்தஞ்சையில் கூலிக்குச் சட்ட அடித்தளம் போட்டது. நெல்லாகக் கூலி கொடுத்த காலம் வரை அறுவடை நாள் தொழிலாளிக்குச் சேமிப்பு நாளும்கூட. அன்று வீட்டுக்கு வந்த கொத்து நெல், வேலையில்லாத மாதங்களைக் கடத்த உதவியது. அறுவடை இயந்திரம் பரவியபோது கூலி நாள்களோடு அந்தக் குதிரும் காலியானது. இயந்திரமயம் பற்றிய விவாதங்களில் இழந்த வேலை நாள்களை எண்ணுகிறோம். இழந்த நெல்லை எண்ணுவதில்லை.

இனி விற்பனைக்கு வருவோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தோன்றியது. அது நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள், வியாபாரியைத் தவிர வேறு வாங்குபவர் இல்லை என்ற நிலையை மாற்றின. இது சிறிய காரியமில்லை. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். விலை அறிவிக்கப்பட்டது, வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்படுகிறது, பழைய கடனுக்கு யாரும் இதில் கைவைக்க முடியாது. பரத்வாஜின் இலக்கணப்படி பிணைப்பு இங்கே அறுந்திருக்க வேண்டும். அப்படியும் குறுவை அறுவடையின்போது களத்துமேட்டில் வியாபாரியின் லாரி நிற்கிறது. ஏன்?

நிலைய வாசலில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். குவியலின் மேலும் அடியிலும் கைவிட்டு அள்ளிய நெல்லைப் பட்டியல் எழுத்தர் ஈரப்பதமானியில் போடுகிறார். 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடை. இல்லையென்றால் காயப்போட வேண்டும். தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, சாக்கின் வாயைத் தைக்கும்வரை அது விவசாயியின் நெல். நனைந்தால் அவருக்கு நட்டம். சாக்கு வரவில்லை, லாரி வந்து ஏற்கெனவே பிடித்த மூட்டைகளை எடுக்கவில்லை, சணல் தீர்ந்துவிட்டது என்று எந்தக் காரணத்தால் நின்றாலும் நாள் கணக்கு விவசாயியின் பக்கம்தான் ஓடும். குறுவை வீட்டுக்கு வரும் புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வருகிறது. தார்ப்பாயைக் காலையில் விரித்து, மதியம் இருட்டிக்கொண்டு வந்ததும் சுருட்டி, மறுநாள் மறுபடி விரிப்பவர் எத்தனை நாள் தாங்குவார்?

வியாபாரிக்கு ஈரப்பதமானி வேண்டாம். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார், உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறார், ஒரு விலை சொல்கிறார். ஈர நெல்லை இயந்திரத்தின் வாயிலிருந்தே ஏற்றிக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். 21 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் சுமார் 95 கிலோ நிற்கும். குறையும் 5 கிலோவும் தண்ணீர்தான். 2,500 ரூபாய் விலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 120 ரூபாய். ஆகவே ஈர நெல்லுக்கு வியாபாரி குவிண்டாலுக்கு 120 ரூபாய் குறைத்துக் கேட்டால் அது தண்ணீருக்கான நியாயமான கழிவு. காயவைக்கும் ஆள் கூலியையும் சேர்த்துக் கொஞ்சம் கூடக் குறைத்தாலும் குறை சொல்ல முடியாது. அதற்கும் கீழே விலை இறங்கும்போது, அந்த மிச்சத் தொகைதான் காத்திருக்க முடியாமைக்கு விவசாயி கொடுக்கும் விலை. வானம் மூடியிருக்கும் வாரத்தில் இந்த மிச்சம் பெருகுகிறது, வெயில் அடிக்கும் வாரத்தில் சுருங்குகிறது. கடன் பாக்கி எல்லா வாரமும் ஒன்றுதானே? விலை வானத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது என்றால் அதைக் கடனைக்கொண்டு மட்டும் விளக்க முடியாது.

அரசுக்கும் இது தெரியாததல்ல. ஈரப்பத வரம்பைத் தளர்த்தும்படி மாநிலம் மத்திய அரசைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு வரை தளர்வு கிடைத்தது. அக்டோபர் 1இல் தொடங்கவேண்டிய கொள்முதல் பருவத்தைச் செப்டம்பர் 1இலேயே தொடங்கும் அனுமதியும் இதே தேவையிலிருந்து வந்ததுதான். ஆனால் தளர்வு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆணை வருவதற்குள் வியாபாரியின் லாரி ஊரை விட்டுப் போயிருக்கும். நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கைச்செலவு கேட்கப்படுவதாக விவசாயிகள் சங்கங்கள் ஆண்டுதோறும் புகார் எழுப்புகின்றன. இதை வெறும் ஊழல் என்று ஒதுக்கிவிட்டால் அதன் பொருளியல் நமக்குப் பிடிபடாது. வரிசையில் முன்னே போவதற்கான கட்டணம் அது. வரிசை நீளாத நாளில் யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

நடவில் இதே விதி தலைகீழாக நிற்கிறது. மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் எட்டி, நாற்றுக்கு வயதானதும் நிலக்காரரால் பொறுக்க முடியாது. நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். பக்கத்து வயல்காரருக்கும் அதே வாரம்தான் நடவு. அந்த நாள்களில் விலை சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நடவாள்கள். மிராசுதாரின் வாசலில் போய் வேலை கேட்டு நின்ற காலம் மாறி, மேஸ்திரிக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து நிலக்காரர் நாள் வாங்கும் காலம் வந்திருக்கிறது. முன்பணம் இப்போது எதிர்த்திசையில் பாய்கிறது என்று சொன்னால் தவறில்லை. ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று கட்டுக்கூலி பேசி, பத்துப் பதினைந்து பெண்களைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு மூன்று ஊர் தாண்டி நட்டுவிட்டு வருகிற குழுக்கள் இப்படித்தான் உருவாயின. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆண்கள் குழுவாக நட்டுக்கொடுப்பதும் படுகையில் பழகிய காட்சி. உள்ளூர்ப் பெண்களின் பேரம் பேசும் பலம் கூடியதற்கு நிலக்காரர்கள் கண்டுபிடித்த விடை அது.

அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? கூலி உயர்ந்ததற்கு நூறு நாள் வேலையைக் காரணம் சொல்வது ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் தொடங்கியபோது தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. தஞ்சாவூரும் திருவாரூரும் அடுத்த கட்டத்தில் சேர்ந்தன. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வேலையின் கூலி பல வாரம் கழித்துத்தான் கணக்கில் ஏறுகிறது; இன்றைக்கு உலை வைக்க அது ஆகாது. என் கணிப்பில் பெரிய மாற்றத்தைச் செய்தது ரேஷன் கடைதான். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. இயந்திரம் காலி செய்த குதிரை ரேஷன் அரிசி ஓரளவு நிரப்பியது. வீட்டில் அரிசி இருக்கும் பெண், குறைந்த கூலிக்குக் கூப்பிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடிகிறது. இலவசம் ஆளைச் சோம்பேறியாக்குகிறது என்று டீக்கடையில் பேசப்படுவது இந்த நாளைக்குப் பார்க்கலாம் என்ற பதிலைத்தான்.

அந்தப் பொறுமையை எதிர்த்திசையில் இழுப்பது குழுக் கடன். நுண்கடன் நிறுவனத்தின் தவணை வாரத்துக்கொருமுறையோ மாதத்துக்கொருமுறையோ வரும். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவே உட்கார்ந்திருக்கும். வேலை குறைந்த மாதத்தில் தவணைக்காக மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குபவர், தை மாதத்து வேலையை அன்றைய கூலிக்கே பேசிவிடுகிறார். இந்த இடத்தில் பரத்வாஜ் இன்னும் சரி. கடனும் உழைப்பும் இங்கே பிணைந்துதான் கிடக்கின்றன. ஆனால் பிணைப்பவர் நிலக்காரரல்ல, கடன் கொடுத்த நிறுவனமுமல்ல. இரண்டு பேருடைய அவசரத்துக்கும் நடுவில் நிற்கும் மேஸ்திரி. வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாள்களை 125 ஆக உயர்த்தியது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடம் கொடுத்தது. நிலக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது இதுதான். தொழிலாளிக்கு மாற்று வேலை மிகவும் பயன்படும் வாரங்களில் அது இல்லாமல் போனால், நடவு வாரத்தின் பேரம் மறுபடி நிலக்காரர் பக்கம் சாயும்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. தரகர் சேவை செய்கிறார், இடர் ஏற்கிறார், அதற்கான கூலியை எடுக்கிறார். அதைச் சுரண்டல் போலப் பேசுவானேன் என்று கேட்கலாம். அறுவடை இயந்திரப் புரோக்கரைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளலாம். சேலம், பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிக்கு வயலுக்குப் பின் வயலாக வேலை ஒழுங்கு செய்து கொடுப்பது உண்மையான வேலை. ஆனால் மழைக்கால மேகத்தைப் பார்த்ததும் மணிக்கணக்கு வாடகை ஏறுகிறதே, அந்த ஏற்றம் எந்தச் சேவைக்கு? வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன என்றாலும், முன்பதிவு செய்த வயல் தண்ணீரில் சாய்ந்துகிடக்கும்போது முறை வரும்வரை நிற்க யாரால் முடியும்?

பருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். கோடையில் படுகையில் விளையும் பருத்தி கும்பகோணம், பாபநாசம், திருவாரூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்குப் போகிறது. இந்தக் கூடங்களுக்கு வேர் 1933ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தில் இருக்கிறது. மாநிலத்தின் முதல் கூடம் 1936இல் திருப்பூரில், பருத்திக்காகவே திறந்தது. மறைமுக ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். கூடின விலைக்குச் சரக்கு. விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி மறுத்துவிட்டு அடுத்த வார ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சரக்கைக் கிடங்கில் இருப்பு வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாக வாங்கவும் வழியுண்டு. கடனை வைத்துக் காத்திருப்பை வாங்கும் ஏற்பாடு இது. பரத்வாஜ் காட்டிய கடனுக்கு நேர் எதிர். காய்ந்த பருத்திக்கும் உளுந்துக்கும் இது செல்லும். ஈர நெல்லை எந்தக் கிடங்கிலும் அடுக்க முடியாது, மூன்றாம் நாள் சூடேறி முளைவிடும். ஆகவே படுகைக்குத் தேவைப்படுவது ஆதார விலையில் இன்னும் ஐம்பது ரூபாயைவிட, வட்டாரந்தோறும் உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும்தான். விலையை அறிவிக்க ஒரு அரசாணை போதும். களம் கட்ட இடமும் செலவும் பல ஆண்டும் வேண்டும். தேர்தல் மேடையில் எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

களம் கட்டினாலும் வாசல் தாண்ட முடியாத ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள் வேண்டும். கோயில் நிலத்தையோ, நகரத்துக்குப் போய்விட்டவர் நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில் இருப்பதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பதிவு செய்தால் குத்தகைதாரரை எழுப்ப முடியாது என்ற பயத்தில் நிலக்காரர் பதிவுக்கு உடன்படுவதில்லை. பதிவைக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் குத்தகைதாரர் கேட்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் சான்று கிடைக்கும்வரை அவர் நெல் களத்தில் கிடக்கிறது. இல்லையென்றால் நிலக்காரர் பெயரிலேயே போட்டு, பணம் அவர் கணக்கில் ஏறி, குத்தகை பிடித்ததுபோக மிச்சம் எப்போது கைக்கு வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அதைவிட லாரிக்காரர் கொடுக்கும் ரொக்கம் மேல் என்று அவர் முடிவு செய்வதில் அறியாமை எதுவும் இல்லை.