சொந்தக் காசில் வெளிநாட்டு ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி: திருப்பூரில் இருந்து விண்ணப்பிப்பது எப்படி? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பகலில் பனியன் கம்பெனிக்கு பிரின்ட் டிசைன் போடுகிறீர்கள். ராத்திரி வீட்டில் துணியில் உங்களுக்காக ஏதோ செய்கிறீர்கள். ஒரு நாள் வெளிநாட்டில் இருந்து மெயில் வருகிறது: 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்.' அதற்குக் கீழேயே இன்னொரு வரி: தங்கும் கட்டணத்தை இந்தத் தேதிக்குள் செலுத்தவும், பயணச் செலவு உங்களுடையது.

சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா? வீட்டு நகையை அடகு வைத்துப் போவதா, விட்டுவிடுவதா? திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் துணி சார்ந்த கலையில் இருக்கும் இளைஞர்கள் முடிவெடுக்க உதவும் விவரங்கள் இங்கே.

ரெசிடென்சி என்றால் என்ன?

ஒரு கலைஞர் வழக்கமான வேலையை விட்டு விலகி, வேறொரு ஊரில் சில வாரங்களோ மாதங்களோ தங்கித் தன் படைப்பில் மட்டும் கவனம் செலுத்தும் ஏற்பாடுதான் ரெசிடென்சி. தங்க அறை, வேலை செய்ய ஸ்டுடியோ, கூட இருக்கும் மற்ற கலைஞர்கள் என்று எல்லாம் அங்கே இருக்கும். இது படிப்பு கிடையாது, பட்டமும் கிடையாது. வேலை கிடையாது என்பதால் சம்பளமும் கிடையாது.

செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை வைத்து இதில் மூன்று வகை உண்டு.

* முழு உதவி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள அகாடமி ஷ்லாஸ் சாலிட்யூட் தங்க இடமும் தந்து உதவித்தொகையும் தருகிறது. 1907-ல் தொடங்கிய அமெரிக்காவின் மெக்டவல், தங்குவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. போட்டி மிகக் கடுமை.
* பாதி உதவி: கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி, மீதி நம் பொறுப்பு.
* சுய செலவு: கட்டணம், டிக்கெட், சாப்பாடு, பொருட்கள் எல்லாமே நம் காசு.

காசு வாங்கினால் மோசடியா?

இல்லை. ஐஸ்லாந்தின் வடக்கே பிளொன்டூஸ் என்ற சிற்றூரில், பழைய பெண்கள் பள்ளிக் கட்டடத்தில் ஐஸ்லாந்து டெக்ஸ்டைல் சென்டர் இயங்குகிறது. கைத்தறிகள், சாய அறை, டிஜிட்டல் தறி எல்லாம் அங்கே உண்டு. துணிக் கலைஞர்கள் மாதக் கட்டணம் கட்டித் தங்கி வேலை செய்கிறார்கள். உலகம் முழுக்க இப்படி நேர்மையாக நடக்கும் இடங்கள் பல.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பணம் கட்டிப் போகும் இடத்தில் 'தேர்வானேன்' என்பது மட்டும் பெரிய அங்கீகாரம் ஆகிவிடாது. சில இடங்கள் கறாராகத் தேர்வு செய்யும். சில இடங்களில் அறை காலியாக இருந்தால் போதும். நீங்கள் வாங்குவது நேரமும் இடமும் கருவிகளும்தான். அது உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்பதே முதல் கேள்வி.

நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

1993-ல் தொடங்கிய ரெஸ் ஆர்டிஸ் என்ற உலகளாவிய ரெசிடென்சி கூட்டமைப்பின் இணையதளத்திலும், நெதர்லாந்தின் டிரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் தளத்திலும் பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே தேடித் தொடங்கலாம். பெயர் பட்டியலில் இருந்தாலும் இவற்றைச் சரிபாருங்கள்:

* முன்பு தங்கிய கலைஞர்கள் இரண்டு மூன்று பேருக்கு மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள். 'தறி நிஜமாவே வேலை செஞ்சுதா? எத்தனை பேர் பகிர்ந்துக்கணும்?' இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்த விளம்பரத்திலும் இருக்காது.
* வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா? தனி நபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
* விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் வாங்குங்கள்.
* நீங்கள் விண்ணப்பிக்காமலே 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று மெயில் வந்தால், பதில் போடத் தேவையில்லை.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

பொதுவாக ஐந்து விஷயங்கள்: படைப்புகளின் படங்கள், சுயவிவரம், உங்கள் கலையைப் பற்றிய குறிப்பு, அங்கே போய் என்ன செய்வீர்கள் என்ற திட்டம், உங்களை அறிந்தவர்களின் பரிந்துரை.

படங்கள், பையருக்கு அனுப்பும் சாம்பிள் மாதிரி. பத்து நல்ல படம், முப்பது சுமாரான படத்தை விட மேல். பகல் வெளிச்சத்தில், வெற்றுச் சுவர் பின்னணியில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு எழுதுங்கள்.

இங்கே திருப்பூர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனிக்காகப் போட்ட டிசைன் பெரும்பாலும் கம்பெனிக்கோ பையருக்கோ சொந்தம். இன்னும் கடைக்கு வராத சீசன் டிசைனை போர்ட்ஃபோலியோவில் போட்டால் வேலைக்கே சிக்கல் வரலாம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் சொந்தமாகச் செய்ததை மட்டும் அனுப்புங்கள்.

திட்டத்தை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போகலாம். 'எனக்குத் துணி என்றால் உயிர், உலகக் கலாசாரங்களை இணைக்க விரும்புகிறேன்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'கட்டிங் டேபிளில் மிஞ்சும் பனியன் துண்டுகளைக் கீறி நூலாக்கி, தறியில் ஊடையாக நெய்யப் போகிறேன். 4 வாரத்தில் 3 துண்டுகள் முடிப்பேன். அதற்குத் தரைத்தறி வேண்டும்' என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் ஊரும் கையும் தெரியும். ஏன் அந்த இடம்தான் வேண்டும் என்பதும் தெரியும்.

பரிந்துரைக்கு உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் போதும். கல்லூரி ஆசிரியர், கண்காட்சி நடத்தியவர், மூத்த கலைஞர் யாராகவும் இருக்கலாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

கட்டணம் மட்டும் செலவில்லை. ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: தங்கும் கட்டணம், விமானம், அங்கிருந்து ஊருக்குப் போகும் பஸ் அல்லது ரயில், விசா, காப்பீடு, சாப்பாடு, பொருட்கள், முடித்த படைப்பைத் திரும்பக் கொண்டுவரும் லக்கேஜ் செலவு.

பலரும் எழுத மறப்பது கடைசி வரி: அந்த மாதங்களில் இங்கே இழக்கும் வருமானம். பீஸ் ரேட்டிலோ ஜாப் ஒர்க்கிலோ இருப்பவர்களுக்கு லீவு என்றால் வருமானம் பூஜ்யம். வீட்டு வாடகையும் குழுக் கடன் தவணையும் நிற்காது. திரும்பி வந்தால் அதே வேலை இருக்குமா என்பதையும் கிளம்பும் முன் பேசிவிடுங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பான் எண்ணும் வங்கியின் ஏ2 படிவமும் தேவை. 2025 ஏப்ரல் முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இப்படி அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் வரிப்பிடித்தம் இல்லை.

விசாவுக்கு என்ன செய்யணும்?

பாஸ்போர்ட் முதல் படி. திருப்பூர் மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. இனிஷியல் விஷயத்தில் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்து, அழைப்புக் கடிதத்தில் வெறும் இனிஷியல் இருந்தால் குழப்பம் வரும். பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.

ஐஸ்லாந்து, ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு:

* எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் தங்கலாம். 'மூணு மாசம்' என்பது எப்போதும் 90 நாள் இல்லை. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை எண்ணினால் 92 நாள்.
* பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும்.
* பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் திரும்ப வராது.
* குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம்.

எந்த வகை விசா என்பதை ரெசிடென்சியிடமும் தூதரக இணையதளத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். 'டூரிஸ்ட்னு போட்டுக்கலாம்' என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுப் பயண நோக்கத்தை மறைக்க வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கடன் வாங்கிக் கணக்கில் போட்ட பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். செலவை அப்பாவோ அண்ணனோ ஏற்றால் அதை மறைக்காமல் கடிதமாகக் கொடுங்கள்.

விசா கைக்கு வரும் முன், ரத்து செய்தால் காசு திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

காசே இல்லை என்றால்?

ரெசிடென்சியிடமே கட்டணச் சலுகை கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பிரிட்டனுக்கு என்றால் இந்தியக் கலைஞர்களுக்கு சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் உதவுகிறது. இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளையும் இளம் கலைஞர்களுக்கு உதவி தருகிறது. உள்நாட்டிலேயே தொடங்கவும் வழி உண்டு. 1997-ல் தொடங்கிய டெல்லியின் கோஜ், கொச்சியின் பெப்பர் ஹவுஸ் போன்ற இடங்களில் ரெசிடென்சிகள் நடக்கின்றன. இங்கே ஒரு மாதம் தங்கிப் பார்த்தால், தனியாக வேலை செய்வது நமக்கு ஒத்துவருமா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

அப்போ போகலாமா, வேண்டாமா?

சொந்தக் காசில் கலை செய்வது நமக்குப் புதுசு இல்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அந்த ஓவியர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கி வாழ்ந்தார்கள். பிழைப்புக்குத் துணி, மனசுக்கு ஓவியம் என்று இரண்டையும் சேர்த்தே நடத்தினார்கள்.

ஆனால் அவர்கள் போட்ட காசுக்கு நிலம் மிஞ்சியது. உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கிடைக்காத ஒரு கருவி, கற்றுத் தரும் ஒருவர், முடிக்க வேண்டிய ஒரு படைப்பு என்று தெளிவான பதில் இருந்தால், சேமிப்பில் இருந்து போகலாம். பதில் 'வெளிநாடு போனேன்னு சொல்லிக்கலாம்' என்பது மட்டும் என்றால், நகை வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த வருடமும் விண்ணப்பம் திறக்கும்.