காலி மும்மொழிக் கல்வெட்டும் பல்கலைக்கழகச் சமய, மொழிக் கல்வியும்

இலங்கையின் காலி நகரில் மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்த கல்வெட்டு 1911இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவின் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடைய அது 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அதன் சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ் வாசகம் தேவுந்துறைக் கோயிலின் தெனவரை நாயனாரை, அதாவது திருமாலாக வழிபடப்பட்டவரை, வாழ்த்துகிறது. மிகவும் சிதைந்துபோன பாரசீக வாசகம் இஸ்லாமிய மரபில் நிற்கிறது. சீனப் பேரரசரின் காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என ஏறக்குறைய ஒரே போக்கில் செல்கிறது.

உலகச் சமயங்களையும் மொழிகளையும் பல்கலைக்கழகத்தில் ஏன் கற்க வேண்டும் என்றால், மனம் விரியும் என்பது வழக்கமான விடை. அது உண்மைதான், ஆனால் போதாது. அவற்றை அருகருகே வைத்துக் கற்காவிட்டால் நம் சொந்த வரலாற்றையே பிழையாகப் படிப்போம் என்பதே இங்கு முன்வைக்கும் வாதம். காலிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதியை மட்டும் படிப்பவர் சீனப் பேரரசரைத் திருமாலடியார் என எண்ணிவிடலாம். சீனப் பகுதியை மட்டும் படிப்பவர் அவரைப் பௌத்தப் புரவலராகவே காண்பார். மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், கரையோரத்தின் ஒவ்வொரு வணிகச் சமூகத்தையும் அதனதன் வழிபாட்டு மொழியில் அணுகிய அரசதந்திரம் புலப்படுகிறது. அங்கேயே நின்று இதைச் சமய நல்லிணக்கத்தின் சின்னம் என்று கொண்டாடுவதும் அவசரமே. 1411இல் இதே கடற்படை இலங்கையில் போரிட்டு, ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சென்றதை மிங் ஆவணங்கள் சொல்கின்றன. கல்லை மட்டும் படித்தவருக்கு இந்தப் போர் தெரியாது.

மூன்று மொழிக்கு மூன்று வல்லுநர்கள் மொழிபெயர்த்துத் தந்தால் போதாதா, இப்போது கணினியும் உதவுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தத் தொடர் அந்தந்தச் சமய மரபில் வழக்கமான மங்கல வாசகம், எது இக்கல்லுக்கே உரியது என்பதை மொழிபெயர்ப்பு காட்டாது. பாரசீகப் பகுதியின் சிதைவை மற்ற இரண்டின் துணைகொண்டு ஊகிக்கவும் மரபுகளைக் குறுக்காக அறிந்த ஒருவர் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவ ஆய்வு எனத் துறைகள் உள்ளன. அரபு, பாரசீகம், உருதுக்கும் துறை உண்டு. இச்செல்வம் தனித்தனி அறைகளில் அடைபட்டுவிடக் கூடாது. வைணவம் பயிலும் மாணவர் பாரசீக எழுத்தையாவது அறிந்து வெளியேறும்படி பாடத்திட்டம் அமைய வேண்டும்.

இத்தகைய படிப்பால் வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. கல்வெட்டுத் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் பணியிடங்கள் குறைவு. அக்குறை பணியிடங்களை உருவாக்க வேண்டிய அரசைச் சேர்ந்தது. அதற்காகப் படிப்பையே மூடிவிட்டால், இனிக் கிடைக்கும் கற்களைப் படிக்க ஆளிராது.