வயது மாறிய திருவாதிரை

மார்கழி இரவில் கிழக்கே சிவந்து எரியும் திருவாதிரையைக் காட்டி, நூறாண்டுக்கு முன் ஒரு வானியலாளரிடம் வயது கேட்டிருந்தால், ‘இப்போதுதான் பிறந்த பிள்ளை’ என்றிருப்பார். இன்றைய வானியலாளருக்கு அது நாள் எண்ணிக்கொண்டிருக்கும் கிழம். பிள்ளை கிழமாக ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன.

டென்மார்க்கில் வேதியியல் படித்த எய்னார் ஹெர்ட்ஸ்பிரங் 1905இலும் 1907இலும் எழுதிய கட்டுரைகள் ஓர் ஒளிப்பட இதழில் வந்தன. வானியலாளர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சிவப்பு விண்மீன்களில் பேரொளி வீசுபவை ஒருபுறம், மங்கலானவை மறுபுறம். நடுவில் வெற்றிடம் என்று அவர் கண்டிருந்தார். பிரின்ஸ்டனில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் 1913இல் தனியாக அதே முடிவுக்கு வந்து, வெப்பத்தையும் ஒளித்திறனையும் ஒரே வரைபடத்தில் வைத்தார்.

படம் சரி; ரஸ்ஸல் அதற்குச் சொன்ன கதைதான் தவறு. பெரிய சிவப்பு உருண்டையாகப் பிறக்கும் விண்மீன் சுருங்கச் சுருங்கச் சூடேறி நீலமாகும், பிறகு ஆறி, மங்கிய சிவப்புக் குள்ளனாகச் சாகும் என்றார். அந்தக் கதை எப்போதோ கைவிடப்பட்டது. ஆனால் அதற்கும் முன்பு, விண்மீன் சூடாகப் பிறந்து ஆறும் என்று நம்பிய காலத்தில் வந்த, சூடான நீல விண்மீன்களை ‘முந்தைய வகை’ என்றும் குளிர்ந்தவற்றைப் ‘பிந்தைய வகை’ என்றும் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதல் அடி 1924இல் விழுந்தது. நிறை கூடிய விண்மீனே கூடுதலாக ஒளிரும் என்று ஆர்தர் எடிங்டன் காட்டினார். அப்படியானால் வரைபடத்தில் கீழே சறுக்கும் விண்மீன் தன் நிறையில் பெரும்பகுதியை வழியிலேயே இழக்க வேண்டும். அந்த நிறை எங்கே போனது?

அடுத்த அடி ஹார்வர்டில் ஆய்வு செய்த செசிலியா பெய்னுடையது. மேகநாத் சாஹா 1920இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை நிறமாலைகளுக்குப் பொருத்திப் பார்த்தார் அவர். விண்மீன்களில் ஹைட்ரஜன் மற்ற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு மிகுதி என்று கணக்கு சொன்னது. நடக்கவே முடியாது என்றார் ரஸ்ஸல். 1925 ஆய்வேட்டில், அந்த மிகுதி உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்னே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவை அடைந்தார். அந்த வரியை எழுத வைத்த அறிவுரைக்கு அறிவியல் வரலாற்றில் நல்ல பெயர் இல்லை.

எரிபொருள் தெரிந்துவிட்டது; ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணுவினைகளை 1939க்குள் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். நடுக்கருவில் ஹைட்ரஜன் தீர்ந்தால் என்ன ஆகும்? கரு சுருங்கும், மேலுறை உப்பும் என்று எஸ்தோனியாவின் எர்ன்ஸ்ட் ஏப்பிக் 1938இலேயே சொன்னதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1952இல் ஆலன் சாண்டேஜும் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்டும் போட்ட கணக்கும் அதையே காட்டியது. அதே காலத்தில் பாலோமர் தொலைநோக்கி கோளக் கொத்துகளை அளந்தது. ஒரே காலத்தில் பிறந்த அந்தக் கூட்டத்தில் நிறை மிகுந்தவை வரைபடத்தின் முதன்மை வரிசையை, அதாவது நடுக்கருவில் ஹைட்ரஜன் எரியும் விண்மீன்களின் பட்டையை, விட்டு விலகி, சிவப்புப் பெருமீன்களாகியிருந்தன. சிவப்பு, முதுமையின் நிறம் என்றானது.

ஆனாலும் ஆண்டுக் கணக்கில் ரஸ்ஸல் முழுக்கத் தவறவில்லை. திருவாதிரைக்கு வயது ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள்தான். நடுவயதுச் சூரியனுக்கோ 460 கோடி. சூரியனைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நிறை கொண்டதால் எரிபொருளை வாரி இறைத்துவிட்டது. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. 2020 பிப்ரவரிக்குப் பின் ஒளி திரும்பியது. விண்மீன் தானே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருந்தது.